மற்றும் குழுவினர்

எண்பத்தொன்பது ஐப்பசி.
மயிலாடுதுறை ஸ்டேஷன் ரோட்டில்
என் ஒலிப்பதிவுக் கூடம் என்பது
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய ஒரே அறை.
கதவுக்கு இரட்டைச் சாக்கு.
ரயில் போகும்போது
எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.
தவளைகள் மட்டும் மூடாது.

பிரதர் இன்பசீலன் வெள்ளைக் கோட்டில் வந்தார்.
அவர் பின்னால்
பொறையாறு அரிசி ஆலையிலிருந்து நேராக
சலோமி சுகிர்தம்,
புருவத்தில் தவிடோடு.

பிரதருக்கு நல்ல குரல்தான்,
இஸ்திரி மடிப்புக் கலையாத குரல்.
'பின்னால நாலு பேர் பாடுற மாதிரி இருக்கணும் தம்பி.'
நாலு பேருக்குக் கொடுக்கக் காசில்லை.
சுகிர்தமே நாலு பேரானாள்.

முதலில் மேல் ஸ்தாயியில் பாடினாள்.
டேப்பைத் திருப்பிப் போட்டேன்,
தன்னையே காதில் கேட்டுக்கொண்டு கீழே பாடினாள்.
மூன்றாவதற்கு முன் ஒரு வரக்காப்பி.
நாலாவதில் கரண்ட் போனது.
வந்தபோது மணி பத்தரை,
கடைசி பஸ் போயிருந்தது.
அப்போதுதான்
யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தாள்.

'வாரும்' என்று ஒரு சொல்.
கை கூப்பிச் சொல்வார்கள் எல்லோரும்.
இவள்
வாய்க்கால் தாண்டிப் போன பிள்ளையை
இருட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்,
கொஞ்சம் கோபத்தோடு,
இதற்கு மேலும் வராவிட்டால்
சோற்றை நாய்க்குப் போட்டுவிடுவேன் என்பதுபோல்.
மீட்டர் முள் சிவப்புக்குப் போய்
அங்கேயே நின்றது.
சத்தத்தைக் குறைப்பது என் வேலை.
கை போகவில்லை.

பதினோரு வருஷம்
ஹல்லர் மிஷினுக்கு மேலே பாடிய தொண்டை.

இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் ஓர் இருமல்.
'அத வெட்டிருங்கண்ணே.'
வெட்டினால் வார்த்தையின் வாலும் போய்விடும்.
விட்டுவிட்டேன்.

அட்டை அச்சாகி வந்தது.
பிரதர் முகம், தலைக்கு மேல் புறா,
பின்னால் ஓர் அருவி.
எங்கள் பக்கம் அருவியே கிடையாது.
கீழே எறும்பெழுத்தில்
மற்றும் குழுவினர்.
நாலு பேராகப் பாடியவளுக்கு
ஒரு பேர்கூட இல்லை.

வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு
நடந்து போகிற கூட்டம் அதை வாங்கியது.
பிரதர் அம்பாசிடர் வாங்கினார்.
அவரைச் சொல்வானேன்.
அவருக்குத் தெரியாமல்
நாலாயிரம் காப்பி போட்டவன் நான்.
எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்
அந்த 'வாரும்' வாங்கிக் கொடுத்தது.
சுகிர்தத்துக்கு அன்றைக்கே கொடுத்தாயிற்று,
நூறு ரூபாயும் ஒரு பரோட்டாப் பொட்டலமும்.

அதற்குப் பிறகு
சாவு வீடுகளில் பாடினாள், மைக் இல்லாமல்.
முழு இரவு ஜெபங்களில்
பிரசங்கியார் தண்ணீர் குடிக்கிற இடைவெளிகளில் பாடினாள்.
ஒரு தடவை மனசு உறுத்தி
இருநூறு ரூபாயோடு அவள் வீட்டுக்குப் போனேன்.
'மேட்டூர்ல தொறந்த தண்ணியே
எங்க கடைமடைக்கு வந்து சேரல,
கேசட்டுக் காசு வந்துருச்சாக்கும்' என்று சிரித்தாள்.
வாங்கி
இரண்டு தரம் எண்ணினாள்.

போன தை மாசம், பொறையாறு பஸ்.
எனக்கு முன் சீட்டில்
மடியில் எக்ஸ்ரே உறையோடு அவள்.
என்னை அவள் பார்க்கவில்லை,
நானும் கூப்பிடவில்லை.
ஆக்கூர் தாண்டியதும்
டிரைவரின் பென் டிரைவிலிருந்து
நாலு சுகிர்தமும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள்.
கண்டக்டர் பையில் தாளம் போட்டான்.
அவள் சில்லறையை எண்ணியபடி இருந்தாள்.
இரண்டாம் சரணம் நெருங்கியபோது
விரல் நின்றது,
தலை ஒரு பக்கம் சாய்ந்தது.
இருமல் வந்தது.

'ஃபைல்ல ஏதோ கோளாறும்மா,
இந்த எடத்துல எப்பவும் இப்படித்தான்.'

'கோளாறு இல்ல தம்பி.
தவிடு.'

அவன் ஒரு கணம் பார்த்தான்.
பிறகு விசிலை ஊதி
செம்பனார்கோயில் எல்லாம் முன்னால வாங்க என்றான்.